அசையாத எண்

மதியம் 1:31 மணிக்கு மின்சாரம் ஒரு நொடி போய்த் திரும்பி வந்தது. எகிப்தின் அஷிர் மின் ரமதான் தொழிற்பேட்டையில் கோடையில் இது வழக்கம். ஷாஹிந்தா தன் மதியச் சாப்பாடான கோஷாரியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

குளிர்பதனப் பெட்டிகளின் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஆறு பெயிண்ட் அறைகள். பெயிண்டின் அழுத்தம், சூடு, ஆவியை வெளியே இழுக்கும் விசிறியின் வேகம் என எல்லாமே கேபிள் வழியாக அவளுடைய திரைக்கு வந்துவிடும். அங்கிருந்தே எதையும் ஓட்டலாம், நிறுத்தலாம். இந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான்.

கை துடைத்தபடி திரையைப் பார்த்தாள். எல்லாம் பச்சை. ஆனால் நான்காம் அறையின் விசிறி எண்ணில் ஏதோ உறுத்தியது. ஓடுகிற விசிறியின் கடைசி இலக்கம் துடித்துக்கொண்டே இருக்கும். மற்ற ஐந்து அறைகளிலும் துடித்தது. இங்கே 0.52 அப்படியே நின்றது. ஓரத்தில் நேரம் 1:31 என்றிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் 1:44.

பதின்மூன்று நிமிடங்களாக அந்த அறையிலிருந்து எதுவும் வரவில்லை. பழைய எண்தான் திரையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே பகீத் இருந்தான். விடுபட்ட இடங்களுக்குக் கையில் துப்பாக்கி பிடித்துப் பெயிண்ட் தெளிப்பது அவன் வேலை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். 'கட்டளை அனுப்பப்பட்டது' என்றது திரை. எண் அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். பெயிண்ட் கூடத்துக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. ஒலிபெருக்கியில் கூப்பிட்டாள். அதுவும் ஊமையாகிக் கிடந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

முன்பெல்லாம் விசிறி நின்றால் பெயிண்ட் துப்பாக்கியும் தானாக நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே நேரடிக் கம்பி ஒன்று இருந்தது. காரணமில்லாமல் அடிக்கடி வேலையை நிறுத்துகிறது என்று போன குளிர்காலத்தில் அவள்தான் அதைக் கழற்றச் சொன்னாள். அன்றைக்கு பகீத் கேட்டான்: "ஏன் இன்ஜினியரம்மா, உங்க கம்ப்யூட்டர் தூங்கிப்போச்சுன்னா நான் யார எழுப்புறது?"

"அது என்ன உன்ன மாதிரி சோஹாக் கிராமத்து ஆளா, வேலை நேரத்துல தூங்க?" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். பகீத்தும்தான்.

கூடத்தின் வாசல் தடுப்பு அவளுடைய அடையாள அட்டையை ஏற்கவில்லை.

"இன்னொரு தடவை காட்டுங்கம்மா, மெதுவா..." என்றார் காவலாளி.

அவள் தடுப்பின் மேல் ஏறிக் குதித்தாள். பாவாடை கிழிந்தது. முழங்கால் தரையில் மோதியது. கம்ப்ரசர் இரைச்சலில் தன் கத்தல் தனக்கே கேட்கவில்லை. பெயிண்ட் உலர்த்தும் அடுப்புப் பக்கமிருந்த ஃபோர்மன் ரிஃபாத் அவளைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தார்.

கண்ணாடி வழியே பகீத் தெரிந்தான். குப்புற விழுந்திருந்தான். உடம்புக்கடியில் சிக்கிய துப்பாக்கி தரையில் வெள்ளைப் பெயிண்டைக் கக்கிக்கொண்டிருந்தது. சுவரிலிருந்த சிவப்பு நிறுத்தக் குமிழை ஓங்கி அடித்தாள். துப்பாக்கி அடங்கியது.

ரிஃபாத் விசிறியின் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்க! உள்ள பூரா ஆவி. ஒரு பொறி விழுந்தா எல்லாரும் போயிருவோம்!"

"அப்ப என்னம்மா பண்றது?"

"கதவைத் திறங்க! ரெண்டையும்!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்தார்கள். பெயிண்டில் கால் வழுக்கியது. பாதி வழியில் ஷாஹிந்தாவுக்குக் கண் இருட்டியது, ஆனாலும் பிடியை விடவில்லை. வெளியே கிடத்தியதும் பகீத்தின் முகமூடியை அவிழ்த்தாள். வார் இறுகியிருந்ததால் நகம் பிய்ந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"பகீத்! டேய், மூச்சு விடுடா! கடவுளே, மூச்சு விடச் சொல்லு!"

வெகு நேரம் கழித்து அவன் மார்பு ஒரு முறை ஏறி இறங்கியது.

மறுநாள் காலை மேலாளர் முக்தார் ஒரு தாளை அவள் முன்னால் வைத்தார். திரையின் பதிவு அது. விபத்து நேரம் முழுக்க விசிறி 0.52 வேகத்தில் ஓடியதாக வரிசை வரிசையாகச் சொன்னது.

"பாத்தியா? விசிறி ஓடியிருக்கு. அவன் முகமூடி போடல, மயங்கிட்டான். அவ்வளவுதான். கையெழுத்துப் போடு."

"முகமூடியக் கழட்டினதே நான்தான் சார். அந்த எண் செத்த எண். கரண்ட் போனப்பவே விசிறி நின்னுருச்சு, திரும்ப ஓடவேயில்ல. அவ்வளவு ஆவிய முகமூடி தாங்காது."

"உனக்குப் பைத்தியமா பொண்ணே? கம்பியக் கழட்டச் சொல்லி எழுதிக் குடுத்தது யாரு? மாட்டப்போறது நீதான்."

"தெரியும் சார்."

கட்டிக்கொடுக்க வேண்டிய தங்கையும், ஷாஹிந்தாவின் சம்பளத்தை நம்பியிருந்த வீடும் நினைவுக்கு வந்தன. தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் நடந்ததைக் கம்பியிலிருந்து தொடங்கி எழுதினாள். ஒரு பிரதியைத் தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்தாள்.

நான்காம் நாள் பகீத் கண் திறந்தான். மருத்துவமனை வராந்தாவில் அவன் மனைவி அதியாத் கேட்டாள்: "கம்பியக் கழட்டச் சொன்னது நீங்கதானா?"

"ஆமா."

"வெளிய இழுத்துப் போட்டதும்?"

"ஆமா."

அதியாத் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கள ஏசவா, கும்பிடவான்னு எனக்குத் தெரியல. இப்ப போயிருங்க. இன்னொரு நாள் வாங்க."

அந்த வாரமே ஷாஹிந்தாவின் வேலை போனது. பகீத்தின் வலது கை நடுக்கம் நிற்கவேயில்லை. துப்பாக்கியை இனி அவனால் பிடிக்க முடியாது. ஆனால் தவறு அவனுடையதல்ல என்று தொழிலாளர் அலுவலகம் எழுதிக்கொடுத்தது. ஆறு அறைகளிலும் நேரடிக் கம்பியை மறுபடி மாட்டும்வரை பெயிண்ட் கூடத்தைத் திறக்கவும் விடவில்லை.