மாவுத் தாத்தாவின் பெயர்

கூடத்துச் சுவரில் மூன்று படங்கள். மூன்று பேருக்கும் ஒரே பெயர். குழப்பம் வேண்டாமென்று வீட்டில் பட்டப்பெயர்தான்: மாவுத் தாத்தா, பூட்டுத் தாத்தா, பெரியப்பா. மூவரில் பெரியப்பா மட்டும் உயிரோடு இருந்தார். நான்காவதாக அந்தப் பெயரைச் சுமந்தவன் சின்னவன். அவனுக்கும் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். படம் மாட்டுகிற அளவுக்கு அவன் இன்னும் ஒன்றும் கிழிக்கவில்லை என்பது பெரியப்பாவின் கட்சி.

இன்று அவன் மகனுக்கும் அதே பெயரைச் சூட்டுகிறார்கள். அந்தப் பெயர் கொண்டவர்கள் செய்ததைச் சொல்லிவிட்டுத்தான் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அது அந்த வீட்டு முறை. அவன் மனைவிக்கு அந்தப் பெயரில் மனமில்லை. ஆனாலும் உங்கள் வீடு, உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா பல்லிடுக்கில் சிக்கியிருந்த இறைச்சி நாரை நகத்தால் இழுத்தார். பார்த்தார். மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். அதே கையால் குழந்தையை வாங்கிக் கதையைத் தொடங்கினார்.

மாவுத் தாத்தா, ஏதோ ஒரு பழைய போரில், புழு நெளிந்த மாவைப் பட்டாளத்துக்கு விற்றவர். கேட்டவர்களிடம், புழுவும் கறிதானே என்றாராம். பூட்டுத் தாத்தா கொள்ளைநோய்க் காலத்து அதிகாரி. நோய் கண்ட தெருவை வெளியிலிருந்து பூட்டி, சத்தம் அடங்கியபின் திறந்து, பிணங்களை எடுக்கும் முன்பே பீரோக்களை வெளியேற்றினார். கூடமே வயிறு குலுங்கச் சிரித்தது. சிறுவயதிலிருந்து கேட்ட கதை. சின்னவனின் வாயும் பழக்கத்தில் இளித்தது.

"இப்ப நம்ம சின்னவன். லேசுப்பட்ட ஆளா?" என்றார் பெரியப்பா. "தேதி முடிஞ்சு திரும்பி வந்த பால்பவுடர் டப்பாவெல்லாம் குப்பைக்குப் போக வேண்டியது. தேதியைத் துடைச்சு, புதுசா அச்சடிச்சு, வெள்ள முகாமுக்கு அனுப்பிட்டானே. மாவுத் தாத்தாவே வந்து பொறந்திருக்கார்."

யாரோ கைதட்டினார்கள். செய்யச் சொன்னவர் பெரியப்பா. கிடங்கில் நின்று செய்தவன் அவன். தேதி மையை அழிக்கத் தின்னரில் நனைத்த துணியும், திறந்துபோன ஒரு டப்பாவில் கட்டியாய் மஞ்சளித்திருந்த பவுடரும் நினைவுக்கு வந்தன.

மனைவி எழுந்தாள். பெரியப்பாவின் மடியிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டாள்.

"இன்னும் பேரே சொல்லலையேம்மா."

"அந்தப் பேர் வேணாம் மாமா."

அறைக்குள் போனாள். அவன் பின்னாலேயே போய்க் குழந்தைக்குக் கை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அந்த டப்பாவெல்லாம் போயாச்சா?"

"முதல் வண்டி போயிடுச்சு. அடுத்தது இப்ப ஏத்திட்டிருப்பாங்க."

கூடத்தில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் கிடங்குக்குப் போன் போட்டான். காவலாளி எடுத்தார்.

"வண்டியை விடாதீங்க. ஏத்தினதை இறக்குங்க. முகாமுக்கும் ஆள் அனுப்பி, கொடுத்ததைத் திருப்பி வாங்கச் சொல்லுங்க."

"யார் சொன்னதுன்னு கேட்டா என்ன சார் சொல்றது? உங்க பேரைச் சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்று வாய் எடுத்தான். வாயெல்லாம் புளித்த எச்சில். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டித் துப்பினான்.

"தேதியை அழிச்சவன் சொன்னான்னு சொல்லுங்க. நான்தான் செஞ்சேன்," என்றான்.