ஐந்தாவது ஞானப்பல்

பேருந்துகளில் டிக்கெட் பரிசோதிப்பதுதான் அவர் வேலை. வாயைத் திறந்தாலே உயிர் போகிற பல்வலியோடு டாக்டரம்மாவிடம் போனபோதும், ஏமாற்றுகிறவனைத் தேடும் அந்தக் கண்ணோடுதான் போனார். துணைக்கு அக்காவும் வந்திருந்தாள்.

“ஞானப்பல் சார். எலும்புக்குள்ள படுத்துக் கிடக்கு,” என்று எக்ஸ்ரேயைக் காட்டினார் டாக்டர்.

“எனக்கு நாலு ஞானப்பல்லையும் பத்தொன்பது வயசுலயே புடுங்கியாச்சும்மா. இது வேற யாரோடதோ.”

“இப்பதானே சார் எடுத்தோம்?”

“மாறிப்போயிருந்தா?”

டாக்டர் சலித்துக்கொள்ளாமல் மறுபடி எடுத்தார். அதே பல், அதே சாய்வு. முன்னால் இருந்த பல்லில் அவர் போன வருடம் அடைத்துக்கொண்ட வெள்ளியும் பளிச்சென்று தெரிந்தது. படம் அவருடையதுதான்.

சந்தேகம் உடனே வேறு ஆளைப் பிடித்தது. “அப்போ அந்தப் பழைய டாக்டர் மூணைப் புடுங்கிட்டு நாலுன்னு கதை விட்டிருக்கார்!”

“வாய்க்கு வந்ததைப் பேசாதடா,” என்றாள் அக்கா. “நாலையும் டப்பால போட்டு என் கையிலதான் குடுத்தார். எண்ணிப் பார்த்தேன்.”

“அக்கா, உனக்கு யாரைப் பார்த்தாலும் நல்லவங்கதான்.”

அன்று மாலையே பழைய டாக்டரிடம் போய் நின்றார். கிழவர் பீரோவைக் குடைந்து, பதினைந்து வருடத்துக்கு முந்தைய படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான்கு ஞானப்பற்கள் இருந்தன. வலது கீழ்ப்பல்லுக்குப் பின்னால் கடுகளவு ஒரு வட்டம்.

“சில பேருக்கு அஞ்சாவதா ஒண்ணு முளைக்கும். அப்பத்தான் உருவாக ஆரம்பிச்சிருக்கு,” என்றார். “இந்தப் புள்ளிய அன்னிக்கே பார்த்தேன் தம்பி. படத்துல ஏதோ கறைன்னு விட்டுட்டேன். தப்பு என் மேலதான்.”

கேட்பதற்கு முன்பே தப்பை ஒத்துக்கொண்ட ஆளை அவர் தன் வேலையில் ஒருநாளும் கண்டதில்லை. வழியெல்லாம் கோத்து வைத்திருந்த கேள்விகளை விட்டுவிட்டு, படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

மறுவாரம் டாக்டரம்மா பல்லை எடுத்தார். ஆணி மாதிரி கூம்பியிருந்தது; மற்ற பற்களில் பாதி அளவுகூட இல்லை. வீக்கம் வடிந்ததும் பரிசோதகர் அதைப் பஞ்சில் சுற்றிக் கிழவரிடம் கொண்டுபோனார். கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அன்னிக்கே கவனிச்சிருக்கணும்,” என்றார் மறுபடியும்.

“விடுங்க டாக்டர்,” என்றார் அவர். “ரொம்பச் சின்னதாத்தானே இருந்துச்சு.”