வரிசைக்கு ஒரே அட்டை

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் தையல் மெஷின்கள் எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. மூன்றாம் வரிசையின் சூப்பர்வைசர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். உடனே அது ஆரம்பித்துவிட்டது. இடது கெண்டைக்காலில், தோலுக்கு அடியில் யாரோ விரலால் சுண்டுவதுபோல ஒரு துடிப்பு. நடந்தால் இல்லை. வேலை பார்த்தால் இல்லை. சும்மா உட்கார்ந்தால்தான் இந்தக் கூத்து. மூன்று வாரமாக இதே கதை.

தொழிற்சாலையில் அவளுக்குக் ‘கடிகாரம்’ என்று பட்டப்பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது, யார் எத்தனை நிமிடம் எழுந்து போனாள் என்பதெல்லாம் அவளுக்குக் கணக்கு. அவள் மேஜை ஆணியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போகவேண்டும். இருபத்துநான்கு பேருக்கும் அந்த ஒரே அட்டை. ஒருத்தி திரும்பினால்தான் அடுத்தவள் எழலாம். மேனேஜருக்குக்கூடத் தோன்றாத இந்த யோசனை அவளுடையதுதான், பிறகு மற்ற வரிசைகளுக்கும் பரவியது. முன்மாதிரியாக இருக்கவேண்டும் என்று அவளும் அந்த அட்டையை ஒருநாளும் தொட்டதில்லை. அட்டை குறைவாக நகரும் வரிசை என்று அறிவிப்புப் பலகையில் அவள் படம் நான்கு மாதமாக ஒட்டியிருந்தது.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். “உள்ள ஏதோ வயர் உரசுது,” என்றான் லாரி மெக்கானிக்கான அவள் கணவன், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு. “நரம்புத் தளர்ச்சி அண்ணி, சந்தேகமே இல்ல,” என்று நாத்தனார் தன் மாத்திரை டப்பாவையே கொடுத்துவிட்டுப் போனாள்.

கைபேசியிடம் கேட்டாள். தூக்கக் குறைவு, அளவு மீறிய டீ, மனக்கவலை, சத்துக் குறைவு, சில மாத்திரைகள் என்று அடுக்கிக்கொண்டே வந்த அது, கடைசியில் கைகால் விளங்காமல் போகும் ஒரு நோயின் பெயரையும் போட்டு வைத்திருந்தது. மற்றவை ஒன்றும் அவள் மண்டையில் ஏறவில்லை, கடைசிப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கால் போய்விட்டால் வேலை? படித்துக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள்? அடுப்படியில் நுனிக்காலில் நின்று பார்த்தாள். நிற்க முடிந்தது. பயம் மட்டும் போகவில்லை.

நாத்தனார் கொடுத்து அவள் விழுங்கிவந்த மாத்திரை டப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா டப்பாவைப் பார்த்தார், முட்டியைத் தட்டினார், காலை அழுத்தச் சொல்லிப் பார்த்தார்.

“பலம் நல்லா இருக்கு, தசை மெலியல. நீங்க பயப்படுற நோய்க்கு அறிகுறி எதுவும் இப்ப தெரியல. எவ்வளவு நேரம் தூங்குறீங்க?”

“அஞ்சு மணி நேரம். இது வந்ததுலேருந்து அதுவும் இல்ல.”

“டீ?”

“வேலை நேரத்துல தொடமாட்டேன். வீட்டுக்கு வந்ததும் நாலு டம்ளர்.”

“தண்ணி?”

“காலைல அரை டம்ளர். அப்புறம் சாயந்திரம்தான்.”

“பகல் பூரா ஏன் குடிக்கல?”

“குடிச்சா எழுந்து போகணுமே டாக்டர்!”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

“அப்ப எதுதான் காரணம்? தண்ணியா, டீயா, தூக்கமா, கவலையா?” அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஒண்ணை மட்டும் கைகாட்ட முடியாதும்மா. எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். ரத்தத்துல உப்புச்சத்து பார்த்துடலாம். அடுத்தவங்க மாத்திரைய நிறுத்துங்க. தண்ணி குடிங்க, தூங்குங்க. ரெண்டு வாரத்துல குறையலன்னாலோ, கைகால் பலம் குறைஞ்சாலோ உடனே வாங்க.”

உயிருக்கு ஆபத்து இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம், காரணம் தெரியாத குழப்பம் மறுபக்கம். திங்கட்கிழமை வேலைக்கு வந்தாள். மதியம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட காலர் தைக்கும் பெண்ணின் இமை படபடவென்று அடித்துக்கொண்டது.

“எப்பலேருந்து இப்படி?”

அந்தப் பெண் சட்டென்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். “ரெண்டு மாசமாக்கா. பட்டன் வைக்கிறவளுக்குத் தொடை துடிக்குதாம். சொன்னா சீக்காளின்னு நிறுத்திடுவீங்கன்னு பயந்துட்டோம்.”

“தண்ணி குடிக்கிறியா இல்லையா?”

“நீங்களே குடிக்கிறதில்லையே! உங்களப் பார்த்துத்தான் நாங்களும் பழகிக்கிட்டோம்.”

அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள். இந்தப் பெண்ணின் இமைக்கு என்ன காரணமோ, தன் காலுக்கு என்ன காரணமோ, அதெல்லாம் டாக்டர் பாடு. ஆனால் இருபத்துநான்கு பேரின் தொண்டையை யார் காயப் போட்டது என்பதில் மட்டும் இப்போது குழப்பமே இல்லை. வெட்கத்தில் அவள் முகம் எரிந்தது.

எழுந்துபோய் ஆணியிலிருந்த மஞ்சள் அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தாள். அந்தப் பக்கம் வந்த மேனேஜர் திடுக்கிட்டார்.

“என்னம்மா இது? இந்த மாசம் முதல் இடம் போயிடுமே!”

“போகட்டும் சார். என் படத்தையும் எடுத்துடுங்க. தாகத்துக்குத் தண்ணி குடிக்கவும், அவசரத்துக்கு எழுந்து போகவும் ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட அட்டை வாங்கக் கூடாது. உடம்ப வாட்டி முதல் இடம் வாங்குறதுக்குப் பேரு திறமை இல்ல, கொடுமை. அதை நான்தான் செஞ்சேன்.”

மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் அவள் தன் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். வரிசையே அவளைப் பார்த்தது. யாரும் தங்கள் பாட்டிலைத் தொடவில்லை, நம்பிக்கை வரவில்லை போலும்.

மணி அடித்து மெஷின்கள் ஓடத் தொடங்கின. சிறிது நேரம் கழித்து, எல்லார் கண் முன்னாலும், வெறும் கழுத்தோடு முதலில் எழுந்து போனவள் கடிகாரம்தான்.