நகை பூட்டிய ஷெவர்லே

"உது பணக்காரர் ஓடின காரோ, பிள்ளை?" என்று அப்பா கேட்டபோது நிருஜா பொய் சொல்லியிருக்கலாம்.

ரூஜ் என்ற பக்கத்து ஊரில் அப்பா புல்லு வெட்டிக்கொடுத்த வீட்டுக் கிழவி, சாவதற்கு முன் கொடுத்துவிட்டுப் போன ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஷெவர்லே அது. காருக்குள்ளே கிடந்த விவரப் புத்தகத்தை அவள்தான் வாசித்தாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளென்றாலும் தங்கள் வீட்டில் இங்கிலீசுக்கு அவள்தான்.

"இல்லையப்பா. அந்த வருசம் வந்ததிலயே மலிஞ்சது. பேர் வன் பிஃப்டி. நிலத்துக்குக் கம்பளம்கூட இல்லை, ரப்பர்தான்."

அப்பா விநாயகமூர்த்தியின் முகம் செத்துப்போனது. அம்மா பாங்கொக்கில், ஆட்களைக் களவாய் வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அடைத்துவைத்த அறையில் இருந்தாள். மிச்சக் காசு திங்கட்கிழமை போகாவிட்டால் கொழும்புக்கே திருப்பி ஏற்றிவிடுவானாம். விற்பதற்கு இந்தக் காரை விட்டால் வேறொன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒஷாவாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் பார்க்க வருவதாகப் பக்கத்து வீட்டுச் சீமோன் சொல்லியிருந்தார்.

அப்பா சும்மா இருக்கவில்லை. பழைய கார் உடைக்கும் யார்டில், அதே வருசத்து விலைகூடிய மொடலின் கதவுகளில் அழகுக்குப் பூட்டும் வெள்ளிநிறப் பட்டிகளைத் தேடி எடுத்துவந்தார். தங்கள் காரின் கதவுகளில் துளை போட்டு அவற்றை இறுக்கினார்.

"பொம்பிளை பாக்க வாற நேரம் பிள்ளையை வெறுங்கழுத்தோட விடுறதே?"

சீமோன் சிரித்தார். "இரவல் நகையெண்டு மாப்பிள்ளைக்குத் தெரியாட்டிச் சரி, அண்ணை."

ஞாயிற்றுக்கிழமை வந்த வெள்ளைக்காரர் நல்ல கதைகாரர். மல்வேர்னில் அவர்கள் வீட்டு வாசலில், சீலையால் மூடிக்கிடந்த காரைக் கண்டதுமே தொடங்கிவிட்டார். இந்த மொடலைப் பொலிசும் கம்பெனிகளும்தான் அதிகம் வாங்கினார்கள். ஓடித் தேய்த்து எறிந்தார்கள். மலிவென்று ஒருவரும் பொத்திவைக்காததால் இப்போது கிடைப்பதே அரிது. பட்டியில்லாத, கைபடாத கதவோடு ஒன்றை வருசக்கணக்காகத் தேடுகிறாராம்.

நிருஜா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னவாம் பிள்ளை? பிடிச்சிருக்காமோ?"

அப்பாவின் கை ஏற்கெனவே மூடுசீலையில் இருந்தது. "திறக்காதேங்கோ" என்று அவள் சொன்னது வெறும் காற்றாய்த்தான் வந்தது. ஆட்களுக்கு முன்னால் அவள் குரல் எப்போதும் அப்படித்தான்.

சீலை விழுந்தது. காலையில் அப்பா ஒரு குறையுமில்லாமல் தேய்த்து மினுக்கிய பட்டிகள் வெயிலில் பளபளத்தன.

வந்தவர் குனிந்து, பட்டியின் விளிம்பில் நகத்தை விட்டு நெம்பினார். கீழே புதுத் துளை. சுற்றிலும் பெயின்ற் வெடித்திருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தே அப்பாவுக்கு விளங்கிவிட்டது. "கழட்டுறன் எண்டு சொல்லு! துளையை அடைச்சுத் தாறன் எண்டு சொல்லு, பிள்ளை!"

நிருஜா சொன்னாள். வாழ்க்கையில் முதல்முறையாக, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திச் சொன்னாள். அம்மா பாங்கொக்கில் இருப்பதையும் சொன்னாள்.

அவர் பட்டியை மெதுவாகப் பழையபடி அமர்த்திவிட்டார். இருவரையும் பாராமல் தன் வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். வாகனம் தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது.