கைவாடை

ஆடு வைத்திருந்தவர்கள் மூடுபனி என்ற பட்டப்பெயரைக் கேட்டாலே பட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொள்வார்கள். பகலில் விலை கேட்கிறவன்போல் போவான். பிடித்த ஆட்டின் முதுகை ஒரு தடவு தடவுவான். அதோடு அவன் வேலை முடிந்தது. மிச்சத்தை அவன் நாய் பார்த்துக்கொள்ளும். அவன் கைவாடை எதில் இருக்கிறதோ அதை மட்டும் மந்தையிலிருந்து பிரித்து ஓட்டிவரும். அவன் தொட்டது விடிவதற்குள் அவன் வாசலில் நிற்கும்.

ஜெயிலிலிருந்து வந்தவனைத் தங்கை பின்கட்டு அறையில் சேர்த்துக்கொண்டாள். இனி ஒரு ஆட்டு ரோமம்கூட வாசல் தாண்டக் கூடாது என்றாள். வேறு போக்கிடம் இல்லை, தலையாட்டினான். அவனைப் பற்றிப் பேச ஊரே இருந்தது. அவனோடு பேச யாரும் இல்லை. நாய் மட்டும் கட்டிலடியில் கிடந்தது.

பொழுது போகாமல் ஒருநாள் நாயோடு சந்தைக்குப் போனான். கொழுத்த செம்மறிக் கிடா ஒன்று நின்றது. கை தானாகப் போய்த் தடவிவிட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டான். நாய்தான் கிழடாகிவிட்டதே, இனி எங்கே ஓட்டிவரப்போகிறது என்று அதை மறந்தும் போனான்.

காலையில் தங்கை கதவைத் தட்டினாள்.

"அண்ணே, எழுந்து வா. உன் சொந்தக்காரர் வந்திருக்கார்."

வாசலில் கிடா. பின்னால் நொண்டியபடி நாய், வால் ஒரே ஆட்டம்.

"நான் அனுப்பலம்மா."

"பின்ன, அதுவா வழி விசாரிச்சுட்டு வந்துச்சா?" அவள் சிரிக்கவில்லை. "நாய் இங்க இருந்தா நீ இல்ல. அவ்வளவுதான்."

கிடாவைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனான். நாயும் கூடவே வந்தது. கிடாக்காரன் பட்டி வாசலில் நின்றிருந்தான்.

"திருப்பிக் கொடுக்க வர்ற திருடனை இன்னைக்குத்தான்யா பார்க்கிறேன்!" பிறகு நாயையே பார்த்தான். "போலீசுக்குப் போகல. இதை விட்டுட்டுப் போ. இது நம்ம பட்டியில இருந்தா எவன் உள்ள கால் வைப்பான்?"

"கிழம். ராத்திரியெல்லாம் இருமும்."

"நானும்தான் இருமுறேன்."

மூடுபனி நாயிடம் "இரு" என்றான். உட்கார்ந்தது. சொன்னால் கேட்கும், அதுதான் அதனிடம் இருந்த கோளாறு.

கிளம்பும்போது மூக்கை அவன் விரல்களை நோக்கி நீட்டியது. தலையைத் தடவக் கை எழுந்தது. தடவினால் அது என்ன புரிந்துகொள்ளும் என்று அவனுக்குத் தெரியும்.

இரண்டு கைகளையும் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தான். பின்கட்டு அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்த பிறகும் வெளியே எடுக்கவில்லை.