எழுபத்து நான்காவது பெயர்

ஒரு பழைய ஆய்வேட்டின் பின்னிணைப்பில் எழுபத்து நான்காவது வரியில் என் அப்பாவின் பெயர் இருந்தது. கண்ணுசாமி, வயது 41, நாட்டுப்படகு, தொழில் அனுபவம் 22 ஆண்டு. கடைசிக் கட்டத்தில், கடந்த ஐந்து ஆண்டுகளில் கடலில் விபத்து நேர்ந்ததா என்ற கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று போட்டிருந்தது. நேர்காணல் நடந்த நாள் 2012 பிப்ரவரி 21. அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனது 2009 ஐப்பசியில்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் திரும்ப உட்கார்ந்தேன். நூலகத்து ஊழியர் எட்டிப் பார்த்து, பூச்சியா என்று கேட்டார். பழைய ஏடுகளில் பூச்சி இருக்குமாம். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். அந்தப் பக்கத்தை அலைபேசியில் படம் எடுக்க நாலு முறை முயன்றேன், நாலும் கலங்கலாக விழுந்தன. ஐந்தாவதுதான் தேறியது.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றுமில்லை. மணமேல்குடியிலிருந்து மீமிசல் வரைக்குமான கடற்கரையில் நாட்டுப்படகுக்காரர்களுக்கு நேரும் விபத்துகள்தான் என் ஆய்வு. இந்த விஷயத்தில் எல்லோரும் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. நூற்றுக்கு மூன்று பேருக்குத்தான் விபத்து, அதனால் இந்தக் கரை பயமில்லாத கரை. நானும் என் இரண்டு கட்டுரைகளில் அதை எழுதி, பக்கத்தில் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டிருக்கிறேன். மூல ஏட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு கட்டுரையிலிருந்து எடுத்தேன், அவர்கள் இன்னொன்றிலிருந்து எடுத்திருந்தார்கள். பந்தியில் உட்காராமலே சாப்பாடு பிரமாதம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம், பத்துப் பன்னிரண்டு படித்தவர்கள்.

வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் என் ஆய்வுச் சுருக்கத்தின் ஓரத்தில், ‘மூலத்தைப் பார்த்தீர்களா? பக்க எண் எங்கே?’ என்று எழுதி அனுப்பினார். மூன்று நாள் அந்த மனிதர் மேல் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒவ்வொரு கட்டுரையின் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலையும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன். பதினொரு கட்டுரைகளும் கடைசியில் ஒரே ஏட்டில் போய் முட்டின. எழுதியவர் ரகுநாத், என் நெறியாளர். முன்பு கேட்டபோது, வீடு மாற்றியதில் பிரதி தொலைந்துவிட்டது, கட்டுரையாகத்தான் வந்திருக்கிறதே, அது போதும் என்றிருந்தார். புதுக்கோட்டையில் அவர் படித்த கல்லூரி நூலகத்தின் பின் அலமாரியில் ஒரு பிரதி தூசியோடு இருந்தது.

வாக்காளர் பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே ஏட்டிலுள்ள நூற்று இருபது பேரையும் எழுதி முடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். வேறெப்படி நினைப்பது? செத்தவரிடம் பேட்டி எடுத்திருக்கிறாரே. தாழ்வாரத்தில் நின்று அவருக்குப் போன் போட்டேன். மரியாதை குறைந்துதான் பேசினேன். எழுபத்து நான்கு என் அப்பா, 2009இலேயே கடலோடு போனவர் என்றேன்.

“வீடு வீடா நடந்துதாம்மா போனேன். ஆம்பளைங்க இல்லாத வீட்டுல இருக்கறவங்கள்ட்ட கேட்டு எழுதுனேன். கடலுக்குப் போயிருக்காருன்னாங்க. நம்புனேன்.”

வீட்டில் இருந்தவர்கள் சொன்ன பதில் என்று ஏட்டில் எங்கேயாவது குறித்தீர்களா என்று கேட்டேன்.

“குறிக்கலம்மா” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். அவர் சொன்ன எதையும் நம்பவில்லை.

அறந்தாங்கியில் பஸ் மாறி ஊர் வந்து சேர நாலு மணியாகிவிட்டது. அம்மா முற்றத்தில் நெத்திலியை உலர்த்திக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலி. பதினைந்து வருஷத்துக்கும் மேலாக அப்படித்தான். உடல் கிடைக்கவில்லை, அதனால் காரியம் செய்யவில்லை. தேர்தலுக்கு முன்னால் பட்டியல் சரிபார்க்க வருகிறவர்கள் கண்ணுசாமி என்று வாசித்தால், கடலுக்குப் போயிருக்காக என்பாள். தெருவில் யாரும் மறுத்துச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

நோட்டும் கையுமாக யாராவது அந்தக் காலத்தில் வந்தார்களா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவள்.

“வந்தாரே. ஒல்லியா, தோள்ல பை மாட்டிக்கிட்டு. ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாரு.”

“விபத்து ஏதும் உண்டான்னு கேட்டாராம்மா?”

“கேட்டாரு. இல்லேன்னேன்.” நெத்திலியைப் புரட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். “நீ அங்கிட்டு பள்ளிக்கூடப் பைய மாட்டிக்கிட்டு என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிற. ஒனக்கு முன்னாடி எப்படித்தா ஆமான்னு சொல்லுவேன்?”

எனக்கு அந்த நாள் நினைவில்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. ரகுநாத் சாரிடம் கத்தியது மட்டும் காதுக்குள் கேட்டது. சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது நானாகக்கூட இருக்கலாம். அந்த ‘இல்லை’யைப் பக்கத்திலேயே நின்று கேட்டுவிட்டு, வளர்ந்து, படித்து, அதையே இரண்டு தடவை அச்சிலும் ஏற்றியிருக்கிறேன்.

அம்மா சொன்னதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சொர்ணம் அக்காவும், அதற்கடுத்த வீட்டு அழகியும் இல்லை என்றே சொல்லிவிட்டார்களாம். அப்பாவோடு அதே படகில் போனவர்களின் வீடுகள் அவை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எழுபத்தைந்து, எழுபத்தாறு. இல்லை, இல்லை. நூற்று இருபது பேரில் நாலு பேர் என்பதுதான் அந்தப் புகழ்பெற்ற மூன்று சதவீதம். இந்த ஒரு படகைச் சேர்த்தாலே அது ஆறாகிவிடும். மற்றத் தெருக்களில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் கடலுக்குப் போயிருக்கிறார்களோ.

வெள்ளிக்கிழமை என் ஏட்டைக் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கு தப்பு என்று எழுதினால் ஏன் தப்பு என்றும் எழுத வேண்டும். எழுபத்து நான்காம் நபர் நேர்காணலின்போது உயிரோடு இல்லை. இந்த ஒரு வரியை இந்த வீட்டில் யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. எழுதாவிட்டால் இந்தக் கரை பயமில்லாத கரையாகவே இருக்கும், என் கையெழுத்தோடு. அம்மாவிடம் முடிந்தவரை இதை விளக்கிச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் அழவில்லை.

“அப்ப அவுக பேர வெட்டிருவியா?” என்றாள்.

நான் அந்தப் படத்தை மறுபடி திறந்தேன். அவுக பேரு எதுத்தா என்று கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அலைபேசியை அவள் பக்கமாகத் திருப்பி வரியைக் காட்டினேன். முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு அந்த இடத்தை இரண்டு முறை தொட்டாள். தொட்டதும் படம் பெரிதானது. வயதும் தேதியும் ‘இல்லை’யும் ஓரமாக விலகி வெளியே போய்விட, கண்ணுசாமி என்ற எழுத்துகள் மட்டும் திரை முழுக்க நின்றன. விரலை எடுத்தால் சுருங்கிவிடுமோ என்று பயந்தவள்போல அம்மா அதை அங்கேயே வைத்திருந்தாள். நகத்தோரத்தில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.