மரியாதைக்கு ஒரு ஓட்டு

1884இல் ஹைரம் ஸ்டாடர்டை அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர் ஆக்கியது எங்கள் கெட்டிக்காரத்தனம்தான். கட்சி வேட்பாளரை ரகசியச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க சிக்காகோவில் மாநாடு கூடியது. முதல் சுற்றில் எந்த மாநிலமும் தன் ஆளைக் காட்டிக்கொள்ளாது. ஜெயிக்கவே மாட்டாத ஒருவருக்கு மரியாதைக்கு ஓட்டுப் போட்டுவைக்கும். ஐயோவா செனட்டரான என் பெயரை இரண்டாம் சுற்றில் இறக்குவதாகத் திட்டம். அதுவரைக்கும் நெப்ராஸ்காவின் பன்றிப் பண்ணைக்காரர் ஸ்டாடர்டுக்குப் போட்டோம். பாழாய்ப்போன மற்ற மாநிலங்களும் அவருக்கே போட்டுத் தொலைத்தன. இரண்டாம் சுற்றே வரவில்லை.

சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"சும்மா விளையாடாதேயும் ஓய்! எனக்கு நானே போடலியே!"

"பின்னே யாருக்குப் போட்டீரு?"

"உமக்குத்தான்," என்று வாயைத் துடைத்தார். "நீரு எங்க ஜெயிக்கப் போறீருன்னு தைரியமாப் போட்டேன்."